எவர்சில்வர் பாத்திரம் வாங்கும்போது எதைப் பார்ப்பது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்ற இதழில் பாத்திரங்களைத் துலக்கி வைக்கும் முறை குறித்துச் சில வரிகள் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை துலக்குவதை விட்டுவிட்டு, வாங்குவதைப் பற்றியே கேட்டிருந்தன. ஒரே கேள்வி பல கடிதங்களில் இருந்ததால் அவற்றைச் சேர்த்துச் சுருக்கி இங்கே தருகிறேன்.

கேள்வி: புதிதாகத் தனிக்குடித்தனம் தொடங்குகிறோம். கடையில் ஒரு பாத்திரத்தில் 304 என்றும், இன்னொன்றில் 18/10 என்றும், வேறொன்றில் 202 என்றும் இருக்கின்றன. சிலவற்றில் எண்ணே இல்லாமல் ‘ஃபுட் கிரேடு’, ‘சர்ஜிக்கல் ஸ்டீல்’ என்று மட்டும் ஒட்டியிருக்கிறார்கள். இவற்றில் எதை நம்பி வாங்குவது?

பதில்: எண் இருந்தால் எண்ணை நம்புங்கள். ‘ஃபுட் கிரேடு’, ‘சர்ஜிக்கல் ஸ்டீல்’ ஆகிய சொற்கள் கேட்பதற்கு உறுதி அளிப்பவைபோல் இருந்தாலும், உள்ளே இன்ன உலோகம் இவ்வளவு கலந்திருக்கிறது என்று அவை எதையும் சொல்வதில்லை.

எவர்சில்வர் என்று நாம் அழைப்பது இரும்போடு குரோமியம் கலந்த எஃகு. குரோமியம் குறைந்தது 10.5 விழுக்காடு இருந்தால்தான் அதற்குத் துருப்பிடிக்காத எஃகு என்ற பெயர் பொருந்தும். அந்தக் குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகப் பாத்திரத்தின் மேற்பரப்பில் படர்ந்துகொள்கிறது. படலத்தின் தடிமன் சில நானோமீட்டர்களே. கரண்டியால் கீறினாலும் நாரால் தேய்த்தாலும், காற்றுப் பட்டதும் அந்த இடத்தில் அது மீண்டும் உருவாகிவிடும். இந்தப் பாத்திரங்கள் தலைமுறை கடந்து உழைப்பதற்கு இதுதான் காரணம்.

18/8 என்றால் குரோமியம் 18 விழுக்காடு, நிக்கல் 8 விழுக்காடு. 304 என்பது ஏறத்தாழ இதே கலவைக்கு வேறொரு முறையில் இட்ட பெயர். 18/10 என்பதில் நிக்கல் சற்றே கூடுதலாக இருக்கும். ஆனால் 304 வகைக்கு வகுத்துள்ள நிக்கல் அளவே 8 முதல் 10.5 விழுக்காடு வரை என்பதால், அடுப்பில் வைத்துச் சமைப்பவருக்கு 18/8, 18/10 இரண்டுக்கும் வேறுபாடு தெரியப் போவதில்லை. 18/10 என்ற எழுத்துக்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

201, 202 ஆகியவை நிக்கலைக் குறைத்து, அதன் இடத்தில் மாங்கனீசைச் சேர்த்துச் செய்தவை. வாங்கும்போது பளபளப்பில் 304க்கு இவை சிறிதும் குறைவதில்லை. உப்பும் புளிப்பும் நாள்தோறும் பட்டுவந்தால்தான் குணம் தெரியும். தட்டு, டம்ளர், உலர்ந்த பொருள் வைக்கும் டப்பா போன்றவற்றுக்கு இவை போதும். சமைக்கும் பாத்திரத்தின் உட்புறத்துக்கு 304ஐக் கேளுங்கள். 316 என்பதில் 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் சேர்வதால் உப்பரிப்பை இன்னும் நன்றாகத் தாங்கும். ஆனாலும் வீட்டுச் சமையலுக்கு அது கட்டாயம் இல்லை. 430 அல்லது 18/0 என்றால் நிக்கல் சேர்க்காத வகை. அதன் பயன் வேறு. அடுத்த பதிலில் சொல்கிறேன்.

கேள்வி: காந்தம் ஒட்டினால் அது மட்டமான எஃகு என்கிறார் ஒரு கடைக்காரர். காந்தம் ஒட்டாவிட்டால் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடேறாது என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

பதில்: இருவரும் பாதி சரி. 304 வகை இயல்பில் காந்தத்தை ஈர்க்காது. 430 வகை நன்றாக ஈர்க்கும். இண்டக்‌ஷன் அடுப்புக்குக் காந்தம் ஒட்டும் அடிப்பாகம் வேண்டும். ஆகவே நல்ல பாத்திரங்களில் உட்புறம் 304ஆகவும் வெளிப்புறம் அல்லது அடிப்பாகம் 430ஆகவும் வைத்துச் செய்கிறார்கள். அத்தகைய பாத்திரத்தின் அடியில் காந்தம் ‘டக்’கென்று ஒட்டிக்கொள்வது குறை ஆகாது, அப்படித்தான் இருக்க வேண்டும்.

காந்தச் சோதனையை நம்பி ஏமாறுகிற இடம் வேறு. 201, 202 வகைகளும் 304 போலவே காந்தத்தை ஈர்க்காதவை. அதனால் ‘காந்தம் ஒட்டவில்லை, ஆகவே 304’ என்ற முடிவுக்கு வந்துவிட முடியாது. அதற்கு எதிர்மாறாகவும் நடக்கும்: அசல் 304 தகட்டை அச்சில் வைத்து ஆழமாக அழுத்திப் பாத்திரமாக்கும்போது வளைவுகளிலும் விளிம்பிலும் அதன் உள்ளமைப்பு சற்று மாறி, அந்த இடங்களில் மட்டும் காந்தம் இலேசாக ஒட்டும். அதைக் கண்டு போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். வீட்டில் இருந்தபடி 202ஐயும் 304ஐயும் பிரித்தறிய உறுதியான வழி இல்லை. பாத்திரத்தில் எண் அச்சாகியிருக்க வேண்டும். அந்த எண்ணை ரசீதிலும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையில் வாங்காமல் வந்துவிடுவது நல்லது.

கேள்வி: என்னிடம் இருக்கும் பாத்திரம் கனமானதுதான். இருந்தும் நடுவில் மட்டும் அடிபிடித்துக் கருகுகிறது. ஓரத்தில் இருப்பது சரியாக வேகுவதில்லை. அடுத்து வாங்குவது சாண்ட்விச் அடியா, ட்ரைப்ளையா, செம்பு அடியா?

பதில்: வந்த கேள்விகளில் மிக முக்கியமானது இதுதான். என்ன எண் அச்சிட்டிருக்கிறது என்று பார்ப்பதற்குச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது அடிப்பாகத்தைப் பார்ப்பதற்குச் செலவிட்டால், பாத்திரக் கடையில் செய்யும் தவறுகளில் பெரும்பகுதி குறைந்துவிடும்.

எஃகு வெப்பத்தைக் கடத்துவதில் மிகவும் மந்தமானது. அதோடு ஒப்பிட்டால் அலுமினியம் சுமார் 15 மடங்கும், செம்பு சுமார் 25 மடங்கும் வேகமாக வெப்பத்தைக் கடத்துகின்றன. எனவே வெறும் எஃகுத் தகட்டால் ஆன பாத்திரத்தில், தீ படுகிற வட்டம் மட்டும் கொதிநிலைக்குப் போய்விடும். இரண்டு விரற்கடை தள்ளி இருக்கும் இடத்துக்கு அந்தச் சூடு போய்ச் சேராது. தகட்டைக் கனமாக்கினால் இந்தக் குறை ஓரளவு தணியுமே தவிரத் தீராது. எஃகு அலுமினியத்தைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அடர்த்தியானது. ஆகவே கையில் எடுத்தால் நல்ல கனமாக இருக்கும் ஒரு பாத்திரம் முழுவதும் எஃகாகவே இருக்கக்கூடும். உங்கள் பாத்திரம் அப்படிப்பட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

உறுதி செய்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. பாத்திரத்தை நன்கு துடைத்து உலர்த்தி, அடி முழுவதும் ஏதேனும் ஒரு மாவை மெல்லிய படலமாகத் தூவி, சிறு தீயில் வையுங்கள். சில நிமிடங்களில் மாவு நிறம் மாறத் தொடங்கும். நடுவில் ஒரு வளையம் மட்டும் பழுப்பாகி, சுற்றிலும் வெள்ளையாகவே இருந்தால் அது வெறும் எஃகுத் தகடு. அடி முழுவதும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் பொன்னிறமானால் உள்ளே வெப்பத்தைப் பரப்பும் உலோகம் போதிய அளவில் இருக்கிறது என்று பொருள். வாங்கிய பிறகுதான் இதைச் செய்ய முடியும் என்றாலும், வீட்டில் ஏற்கெனவே உள்ளவற்றின் குணத்தை அறிந்துகொள்ள இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

சாண்ட்விச் அடி என்பது பாத்திரத்தின் அடியில் மட்டும் அலுமினிய வட்டு ஒன்றை வைத்து, அதன்மேல் எஃகு மூடியைப் பொருத்தி அழுத்தி ஒட்டுவது. ட்ரைப்ளை என்பது எஃகு, அலுமினியம், எஃகு என்ற மூன்று அடுக்குத் தகட்டைச் சேர்த்தே உருட்டி, அந்தத் தகட்டிலிருந்தே அடி, சுவர் எல்லாவற்றையும் உருவாக்குவது. முன்னதில் அடியில் மட்டும் வெப்பம் பரவும். பின்னதில் சுவரிலும் ஏறும்.

நான் நெடுநாள் பயன்படுத்திய சாண்ட்விச் அடிப் பாத்திரம் ஒன்றில், அடியும் சுவரும் சேரும் இடத்தை ஒட்டி ஒரு கருகல் வளையம் எப்போதும் விழுந்துகொண்டே இருந்தது. எவ்வளவு தேய்த்தாலும் அடுத்த சமையலில் அதே இடத்தில் அதே வளையம். கைப்பிடி உடைந்து அது பயன்படாமல் போனபோது, பட்டறை ஒன்றில் கொடுத்துக் குறுக்காக அறுக்கச் சொன்னேன். அறுத்த முகத்தில் மேலே எஃகு ஒரு மெல்லிய கோடாகவும், அதன் கீழே அலுமினியம் மங்கிய வெண்மையில் அகன்ற பட்டையாகவும், அதற்கும் கீழே மீண்டும் எஃகுக் கோடாகவும் தெளிவாகத் தெரிந்தன. அலுமினியப் பட்டையோ சுவரின் வளைவு வரை வரவில்லை. ஒரு விரல் அகலத்துக்கு முன்பாகவே நின்றுவிட்டிருந்தது. கருகல் வளையம் விழுந்த இடம் சரியாக அதுதான். வட்டுக்கு வெளியே இருந்த அந்த ஒரு விரல் அகலத்தில் தீயின் நாக்கு வெறும் எஃகின்மேல் பட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அன்று முதல் சாண்ட்விச் அடிப் பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்க்காமல் நான் வாங்குவதில்லை. கவிழ்த்தால் வட்டின் ஓரம் ஒரு படியாகத் தெரியும். அந்தப் படி பாத்திரத்தின் அகலத்தை முழுவதும் தொட வேண்டும். அதன் உயரமும், அலுமினியத்துக்கு 4 மில்லிமீட்டராவது இடம் இருக்கும் அளவுக்கு இருக்க வேண்டும்.

ட்ரைப்ளையில் மொத்தத் தடிமன் 2.5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. விளிம்பு வெட்டப்பட்டு அப்படியே விடப்பட்ட பாத்திரமாக இருந்தால், இரண்டு எஃகுக் கோடுகளுக்கு நடுவே அலுமினியம் ஓடுவதை விளிம்பிலேயே காணலாம். ஐந்து அடுக்கு, ஏழு அடுக்கு என்று எண்ணிக்கையைப் பெரிதாக எழுதியிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். அடுக்குகளின் எண்ணிக்கையைவிட, நடுவே உள்ள அலுமினியம் அல்லது செம்பின் மொத்தத் தடிமன்தான் வெப்பத்தைப் பரப்புகிறது. தடிமனான மூன்றடுக்கு, மெல்லிய ஐந்தடுக்கைவிட மேலானது.

செம்பு அடியைப் பொறுத்தவரை, வெளியே தெரியும் செம்பு நிறம் பெரும்பாலும் மிக மெல்லிய பூச்சு. செம்பு எவ்வளவு நல்ல கடத்தியாக இருந்தாலும், ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கே இருக்கும் பூச்சால் தீயின் சூட்டை அடி முழுவதும் பரப்ப முடியாது. மேலும் அதை நிறம் மங்காமல் வைத்திருப்பதே தனி வேலை. அழகுக்காக விரும்பினால் வாங்கலாம். அடிபிடிப்பதைத் தடுக்கும் என்று எதிர்பார்த்து வாங்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் ட்ரைப்ளைதான் வேண்டும் என்பதும் இல்லை. நீர்த்த பொருளைக் கொதிக்க வைக்கும்போது, சூடான நீர் மேலெழும்பிக் குளிர்ந்த நீர் கீழிறங்கி, வெப்பத்தைத் தானே சுற்றிக் கொண்டுபோகிறது. ஆகவே வெந்நீர் வைக்கவும் நீர்த்தவற்றைக் காய்ச்சவும் சாதாரணப் பாத்திரமே போதும். கெட்டியாகக் கிளறுவது, வதக்குவது, பொரிப்பது, பால் சுண்டக் காய்ச்சுவது ஆகிய வேலைகளில்தான் அடியின் குணம் வெளிப்படும். உங்கள் பணத்தை அந்த வேலைகளுக்கான பாத்திரத்தில் போடுங்கள்.

கேள்வி: தண்ணீர் வற்றிப்போய் வெறும் பாத்திரம் அடுப்பில் எரிந்துவிட்டது. இப்போது அடி சற்றுப் புடைத்து, அடுப்பில் ஆடுகிறது. தொடர்ந்து பயன்படுத்தலாமா?

பதில்: சாண்ட்விச் அடியாக இருந்தால் பயன்படுத்த வேண்டாம். அலுமினியம் 660 டிகிரி செல்சியசில் உருகிவிடும். வெறும் பாத்திரம் பெருந்தீயில் நெடுநேரம் இருந்தால் அந்தச் சூட்டை நெருங்கக்கூடும். புடைப்பு என்பது வட்டு பிரியத் தொடங்கியதன் அடையாளம். கொதிக்கும் பொருளோடு தூக்கும்போது அது கழன்று விழுந்தால் பெரும் ஆபத்து. ஒற்றைத் தகடாக இருந்து, வளைந்திருக்க மட்டும் செய்தால் கேஸ் அடுப்பில் பயன்படுத்தலாம். ஆனால் சமதளமான மின்னடுப்பில் அது சரியாகப் படியாது.

கேள்வி: கைப்பிடியும் மூடியும் எப்படி இருக்க வேண்டும்? கடையில் நின்றபடியே பார்த்தறிய முடியுமா?

பதில்: முடியும். பாத்திரத்தில் முக்கால் பங்கு நீர் இருப்பதாக எண்ணிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிச் சாய்த்துப் பாருங்கள். மணிக்கட்டு திருகினாலோ, கைப்பிடியின் ஓரம் உள்ளங்கையில் அறுத்தாலோ அது உங்களுக்கான பாத்திரம் அன்று. ரிவெட் அடித்த கைப்பிடி உறுதியானது. ஆனால் உள்ளே துருத்தி நிற்கும் ரிவெட் தலையைச் சுற்றி அழுக்குச் சேரும் என்பதால் தேய்க்கும்போது கவனம் வேண்டும். வெல்டிங் செய்த கைப்பிடியில் உட்புறம் வழவழப்பாக இருக்கும். ஆனால் இரண்டு புள்ளிகளில் மட்டும் பற்றவைத்திருந்தால் நாளடைவில் விட்டுவிடக்கூடும். திருகாணி போட்ட கைப்பிடியை அவ்வப்போது முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

விளிம்பை விரலால் ஒருமுறை சுற்றித் தடவிப் பாருங்கள். வெளிப்பக்கம் சற்று மலர்ந்திருந்தால் ஊற்றும்போது வழியாது. சுருட்டி மடித்த விளிம்பாக இருந்தால், மடிப்பு முழுவதும் மூடியிருக்கிறதா என்று பாருங்கள்; திறந்திருந்தால் கழுவிய நீர் உள்ளே தங்கி, பின்பு அழுக்கோடு சொட்டும். மூடியை வைத்துச் சுற்றிப் பார்த்தால் தடையின்றிச் சுழல வேண்டும், அதே சமயம் ஆடவும் கூடாது.

கேள்வி: பத்து உருப்படி கொண்ட செட்டாக வாங்குவது நல்லதா?

பதில்: எனக்கு அதில் உடன்பாடில்லை. செட்டில் நாள்தோறும் கைக்கு வருவது மூன்றோ நான்கோதான். மற்றவை அலமாரியை அடைக்கும். மூடிகளையும் உருப்படிகளாக எண்ணியிருப்பார்கள். வதக்க அகலமான ட்ரைப்ளைப் பாத்திரம் ஒன்று, கெட்டியான பொருளுக்கு ஆழமானது ஒன்று, காய்ச்ச எளிய பாத்திரம் ஒன்று என்று தொடங்கி, தேவை தெரியத் தெரியச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நல்ல ட்ரைப்ளைதான் வாங்கினேன். இருந்தும் முட்டை முதல் எல்லாமே ஒட்டிக்கொள்கின்றன. ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லை, பாத்திரம் சூடாகுமுன் எண்ணெயையும் உணவையும் சேர்த்திருப்பீர்கள். குளிர்ந்த எஃகின்மேல் புரதம் பட்டுச் சூடேறும்போது அது உலோகத்தோடு பிணைந்துவிடுகிறது. வெறும் பாத்திரத்தை நடுத்தரத் தீயில் இரண்டு நிமிடம் வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீரை விடுங்கள். ‘சுர்’ரென்று பரவி ஆவியானால் இன்னும் பொறுக்க வேண்டும். சொட்டு உடையாமல் பாதரசம்போல உருண்டு ஓடினால் பாத்திரம் ஏறத்தாழ 200 டிகிரியை எட்டிவிட்டது. சொட்டின் அடியில் உருவாகும் நீராவியே அதைத் தாங்கி உருட்டுகிறது. 1756ஆம் ஆண்டில் இதை விரிவாக ஆராய்ந்து எழுதிய ஜெர்மானிய மருத்துவர் லைடன்ஃபிராஸ்ட்டின் பெயராலேயே இந்நிகழ்வை அறிவியலில் குறிப்பிடுகிறார்கள்.

அந்த நிலை வந்ததும் நீரைத் துடைத்து, தீயைக் குறைத்து எண்ணெய் விடுங்கள். முட்டைக்கு இந்தச் சூடு அதிகம் என்பதால் தீயைத் தணித்து அரை நிமிடம் ஆறவிட வேண்டும். போட்டதை உடனே புரட்டாதீர்கள். அடிப்புறம் சிவந்ததும் அது தானாகவே விட்டுக்கொடுக்கும். பெயர்க்க வேண்டியிருந்தால் இன்னும் நேரமாகவில்லை என்று பொருள்.

கேள்வி: என் மகளுக்கு நிக்கல் ஒவ்வாமை இருக்கிறது. எவர்சில்வரில் சமைத்தால் நிக்கல் உணவில் இறங்குமா?

பதில்: மிகச் சிறிய அளவில் இறங்கும். புளிப்பான பொருளை நெடுநேரம் கொதிக்க வைத்தால் அந்த அளவு கூடும். அமெரிக்காவில் தக்காளி சாஸைக் கொண்டு செய்யப்பட்டு 2013ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், புதிய பாத்திரத்தில் முதல் சில சமையல்களில் நிக்கலும் குரோமியமும் அதிகமாக இறங்கியதும், ஏறத்தாழ ஆறாவது முறைக்குப் பின் அது குறைந்து நிலைப்பட்டதும் தெரியவந்தன. ஒவ்வாமை இல்லாதவர்கள் இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. உங்கள் மகளுக்கோ, புளிப்பானவற்றைக் கண்ணாடி அல்லது எனாமல் பூசிய பாத்திரத்தில் சமைத்துக் கொடுங்கள். உட்புறம் 18/0 என்று உறுதியாகத் தெரிந்த பாத்திரமும் உதவும். சமைத்த புளிப்பான உணவை எவர்சில்வரிலேயே இரவெல்லாம் வைக்காதீர்கள். உணவில் நிக்கலை எந்த அளவுக்குக் குறைக்க வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: வாங்கிய ஒரு மாதத்துக்குள் அடியில் வானவில் நிறமும் வெண்புள்ளிகளும் வந்துவிட்டன. ஊசியால் குத்தியதுபோல் சிறு குழிகளும் தெரிகின்றன. மட்டமான எஃகை விற்றுவிட்டார்களா?

பதில்: மூன்றும் வெவ்வேறு. வானவில் நிறம், அதிகச் சூட்டில் அந்த மெல்லிய குரோமியப் படலம் சற்றுத் தடித்ததால் வருவது. தண்ணீரில் மிதக்கும் எண்ணெயில் நிறங்கள் தெரிவதுபோல. வெண்புள்ளிகள் கடின நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து படிந்தவை. இரண்டுக்கும் சிறிது வினிகரை வெந்நீரில் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைத்தால் போதும். இரும்புக் கம்பி நாரால் தேய்க்காதீர்கள். அதன் துகள்கள் ஒட்டிக்கொண்டு துருவாகத் தெரியும்.

குழிகளை மட்டும் போக்க வழியில்லை. குளிர்ந்த நீரில் போட்ட உப்பு கரையாமல் அடியில் தங்கி, அந்தப் புள்ளியில் குளோரைடு செறிந்து படலத்தைத் துளைத்துவிடுகிறது. நல்ல 304லும் இது நடக்கும். மட்டமான எஃகில் இன்னும் விரைவாக நடக்கும். குழிகள் ஆழமாகி ஒழுகாத வரையில் அந்தப் பாத்திரத்தில் சமைப்பதற்குத் தடையில்லை. இனி தண்ணீர் கொதி வந்த பிறகே உப்பைப் போட்டு, உடனே ஒருமுறை கலக்கிவிடுங்கள்.